ரெண்டாவது சுற்று

பழைய டிஸ்க் மூன்று நாளாகக் கரகரத்தது,
இலை வாட்டும் விசிறியின் சத்தத்துக்கு அடியில்,
எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"சின்னதெல்லாம் இப்ப வர்றதில்லை சார்" என்று
கோயமுத்தூர்க் கடைக்காரன் கொடுத்தது மூன்று டெராபைட்.
கோத்தகிரி பஸ்ஸில் மடியில் வைத்தே வந்தேன்.
குஞ்சப்பனை வளைவில் காட்டெருமை ஒன்று
நடுரோட்டில் நின்று யோசித்த இருபது நிமிடமும்
கீழே வைக்கவில்லை.

கம்ப்யூட்டரும் நானும்
தொழிற்சாலைக்கு ஒரே வருஷம் வந்தவர்கள்.
அதை மாற்ற முடியாது.
எடைக்கணக்கு புரோகிராம் எழுதிய பையன்
கனடாவிலோ எங்கோ இருக்கிறான்.
அவன் எழுதியது இந்தப் பெட்டியைத் தவிர
வேறெதிலும் கண் திறக்காது.

மூடியைக் கழற்றினால் உள்ளே தேயிலைத் தூசி,
விலை போகாத ரகம், ஒரு கரண்டி தேறும்.
கேபிளைச் செருகிப் பட்டனை அழுத்தினேன்.
திரை சொன்னது: 746.

மூவாயிரத்தில் மீதி எங்கே?
கழற்றினேன். ஊதினேன். மாட்டினேன்.
746.
கொஞ்சமும் கூச்சமில்லாத 746.

குன்னூர் இம்தியாஸ் போனில் சிரித்தான்.
"டிஸ்க்ல குறையில்லண்ணே.
உங்க மெஷினுக்கு அவ்வளவுதான் எண்ணத் தெரியும்.
ரெண்டாயிரத்துச் சொச்சம் வரைக்கும் போகும்,
அப்புறம் விரல் தீர்ந்துடும்,
மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கும்.
நீங்க பார்க்கிறது ரெண்டாவது சுற்று."

தகரத்தில் மழை விழத் தொடங்கியிருந்தது.

வேலைக்குச் சேர்ந்த முதல் ஜூலை.
ஐம்பது கிலோ வட்டத் தராசு.
மிச்சி இரண்டு நடை ஏறிக் கொண்டுவந்த
இரண்டு மூட்டையையும்
அவசரத்தில் ஒரே கொக்கியில் மாட்டினேன்.
முள் துள்ளி, நடுங்கி, நின்றது:
பதினொன்று.
"அவ்வளவுதானா?" என்றாள்.
"முள் பொய் சொல்லாதும்மா" என்றேன்.
கழுத்தைத் தடவிக்கொண்டே
ரசீதை நாலாக மடித்தாள்.

இம்தியாஸ் சொல்லச் சொல்ல
பென் டிரைவிலிருந்து புது டிரைவரை ஏற்றினேன்.
பாதியில் கரண்ட் போய்
யுபிஎஸ் கீச்சிட்ட நேரம்
நானும் மூச்சை நிறுத்தியிருந்தேன்.
பிறகு ஜிபிடி என்று ஏதோ ஒன்றுக்குச் சரி சொல்லி
மெஷினை அணைத்துப் போட்டேன்.

2794.

"மிச்சம் இருநூத்தாறு?"
"கடைக்காரன் ஆயிரம் ஆயிரமா எண்ணுவான்ணே,
மெஷின் ஆயிரத்து இருபத்து நாலா எண்ணும்.
யாரும் எடுக்கல."
சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு மூன்று என்று
நாங்கள் கழிப்போமே, அதுமாதிரியா
என்று கேட்க வாயெடுத்து
நிறுத்திக்கொண்டேன்.
அதுமாதிரி இல்லை.
எங்கள் கழிவை யாரோ எடுக்கிறார்கள்.

இத்தனை வருஷத்து இலையும்
நாலு ஜிபிக்குள் அடங்கிவிட்டது.
மீதி அத்தனையும் காலி மைதானம்.
அந்த ஜூலையைத் திறந்தேன்.
மிச்சி: 58, 63, 60, 11, 59.
ஒரு குழந்தைகூடக் கண்டுபிடிக்கும்.
பதினொன்றின்மேல் அம்பை வைத்து அழுத்தினேன்.
"முடிந்த மாதம். திருத்த இயலாது."

விலை மட்டும் பார்த்துக்கொண்டேன், கிலோ பதிமூன்று ஐம்பது.
ரசீதுப் புத்தகத்தில் கார்பன் வைத்து எழுதினேன்:
மிச்சி, பாக்கி, ஐம்பது கிலோ,
அறுநூற்று எழுபத்தைந்து ரூபாய்.
ஈரத்துக்குக் கழிக்கப் பழக்கத்தில் நகர்ந்த பேனாவை
மூடி வைத்தேன்.

மழை விட்டால் ஏழரைக்கு
அவள் ஹட்டிக்கு இலை வண்டி போகும்.
என்ன சொல்லிக் கொடுப்பதென்று
இன்னும் தெரியவில்லை.